சீலிங் விளக்கை மாற்றும் முன்...

* சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள். விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் இருக்கும். மெயினையே அணைத்துவிடுங்கள்.

* அதற்கு முன், மின்சாரம் உள்ள பிளக்கில் டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள். மெயினை அணைத்தபின் ஒவ்வொரு வயர் முனையிலும் வைத்துச் சோதியுங்கள்.

* வழக்கமாக சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பழைய வீடுகளில் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

* கழற்றும் முன் இணைப்பைச் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

* உலோக விளக்கில் எர்த் இணைப்பு இருந்தால் பச்சை வயரை அவசியம் கொடுங்கள்.

* முறுக்கி டேப் ஒட்டாமல், கனெக்டரில் இறுக்குங்கள்.

* வயர் கருகியிருந்தால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள், உயிர் முக்கியம்.