கை ஆடும் ஆட்டமா? கால் ஆடும் ஆட்டமா?
(மேசைப் பந்தாட்டத்தில் முன்கை அடிக்கான காலடிப் பயிற்சி)

இயற்பியல் மூன்றாமாண்டு மாணவன்

“அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்” என்பது பழமொழி. மேசைப் பந்தாட்டத்தில் ‘அடி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று மட்டையால் அடிக்கும் அடி. மற்றொன்று காலால் எடுத்து வைக்கும் அடி. முன்னதை மட்டும் கற்றுப் பின்னதை மறந்தவன் அடையும் கதியை நான் அனுபவித்தே அறிந்தேன்.

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில், ஐந்தாவது ஆட்டத்தில் 9–8 என நான் முன்னணியில் இருந்தேன். இன்னும் இரண்டே புள்ளிகள். இடது மூலைக்கு வந்த பந்தைச் சுற்றி வந்து என் முழு வலுவோடு முன்கையால் அடித்தேன். எதிராளி மட்டையை வெறுமனே நீட்டினார். பந்து எனது வலப்பக்க வெற்றிடத்தில் விழுந்து ஓடியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அடுத்த இரண்டு புள்ளிகளும் அதே வழியில் போயின. 9–11.

வெளியே வந்தபோது, பார்வையாளர் வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் அருகே அழைத்தார். ஒரு காலத்தில் பஞ்சாலை மனமகிழ் மன்றத்தில் ஆடியவராம். “ஏந்தம்பி, கையி நல்லாத்தான் இருக்குது. காலத்தான் ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டயாட்ட இருக்குது” என்றார். “இல்லீங்க, ஓடித்தானுங்க ஆடுனேன்” என்றேன். “ஓடுனே சரி, திரும்பி வந்தயா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

கால் ஏன் வேண்டும்?

மேசையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர். நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வரும் பந்து மேசையின் நீளத்தைக் கடக்க ஏறத்தாழ 0.27 நொடியே ஆகும். இதற்குள் பந்தைக் கண்டு, முடிவு செய்து, நகர்ந்து, அடிக்கவும் வேண்டும். கை எட்டுமே என்று பலர் கருதுகிறோம். கை எட்டும், ஆனால் அடி எட்டாது. முன்கை அடியின் வலு தோளில் மட்டும் பிறப்பதன்று. வலது காலில் தொடங்கி, இடுப்பின் சுழற்சி வழியாகத் தோளுக்கும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் செல்வது அது. பந்து உடலுக்கு முன்னே, சற்று வலப்புறத்தில் இருக்கும்போதுதான் இச்சங்கிலி அறுபடாமல் இயங்கும். எட்டி அடிப்பவனுக்கு இடுப்பு சுழலாது. கை மட்டுமே மிஞ்சும்.

நிற்கும் முறை

(வலக்கை ஆட்டக்காரரை மனத்திற் கொண்டு எழுதுகிறேன், இடக்கையினர் மாற்றிக் கொள்க.)

பாதங்கள் தோள் அகலத்தைவிடச் சற்று விரிந்திருக்க வேண்டும். வலது பாதம் சிறிது பின்தங்கியிருக்கட்டும். முழங்கால்கள் மடிந்து, உடலின் எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். குதிகாலுக்கும் தரைக்கும் இடையே ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். எதிராளி பந்தைத் தொடும் கணத்தில் ஒரு சிறு துள்ளல் தேவை. நின்ற வண்டியைத் தள்ளுவதினும் உருளும் வண்டியைத் தள்ளுவது எளிதன்றோ?

நான்கு நகர்வுகள்

1. ஓரடி: பந்து வலைக்கு அருகே குறுகி விழும்போது வலது காலை மேசைக்கு அடியில் நீட்டி வைத்து ஆட வேண்டும். ஆடியவுடன் அக்காலை உந்திப் பின்வாங்க வேண்டும்.

2. பக்க அடி: மிகுதியும் பயன்படுவது இதுவே. வலப்புறம் செல்ல இடது காலால் தரையை உந்தி, இரு பாதங்களும் ஏறக்குறைய ஒருசேர நகர வேண்டும். பாதங்கள் ஒன்றையொன்று தொடலாகாது. தொட்டால் நிலை தடுமாறும்.

3. குறுக்கடி: வலது ஓரத்திற்கு அப்பால் விலகும் பந்துக்கு, இடது கால் வலது காலுக்கு முன்னே குறுக்காகப் பாய வேண்டும். அது தரையைத் தொடும் நேரத்தில் பந்தை அடித்து, பின்தொடரும் வலது காலால் உடலை நிறுத்தித் திரும்ப வேண்டும்.

4. சுற்றடி: இடது மூலைப் பந்தை முன்கையால் அடிப்பதற்கானது. இடது கால் மேசையின் இடப்பக்கத்திற்கு வெளியே செல்ல, வலது கால் அதன் பின்னே வட்டமிட்டு வரும். கண்கொள்ளாக் காட்சி இது. ஆனால் வலப்பக்கம் முழுவதையும் திறந்து வைக்கும் துணிச்சலும் இதுவே. நான் வீழ்ந்தது இங்குதான்.

திரும்புதல்

என் தந்தை சோமனூரில் விசைத்தறி ஓட்டுபவர். தறியில் நாடா ஒரு கோடிக்குச் சென்றவுடன் மறு கோடிக்குத் திரும்பியாக வேண்டும். இடையில் நின்றால் இழை அறும். அடித்த அடியின் அழகை நின்று ரசிப்பவன் நடுவில் நின்றுபோன நாடாவுக்கு ஒப்பானவன். திரும்ப வேண்டிய இடம் மேசையின் நட்டநடுவும் அன்று. எதிராளி திருப்பக்கூடிய இரண்டு எல்லைக் கோடுகளை மனத்தில் வரைந்து, அவற்றின் நடுவே நிற்பதே கணக்கு.

பயிற்சி

எங்களைப் போன்றோருக்கு மேசை எப்போதும் கிட்டுவதில்லை. கிட்டினாலும் சுவர் முதுகில் இடிக்கும். பெரும் போட்டிகளில் 14 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமுமாக இடம் விடுகிறார்கள். ஆனால் காலடிப் பயிற்சிக்கு மேசையே வேண்டாம். மொட்டை மாடியில் சுண்ணாம்புக் கட்டியால் மேசையின் அகலத்தைக் கோடிட்டு, பந்தின்றி மட்டையை வீசிப் பழகினேன். 30 நொடி ஆட்டம், 30 நொடி ஓய்வு. இவ்வாறு ஆறு சுற்றுகள். கயிறு தாண்டுதலும் உடன் சேர்ந்தது.

மேசை கிடைத்த நாள்களில் ‘பால்கன்பெர்க்’ பயிற்சி: இடது மூலையில் ஒரு பின்கை அடி, அதே மூலையில் சுற்றி வந்து ஒரு முன்கை அடி, உடனே வலது மூலைக்குப் பாய்ந்து மற்றொரு முன்கை அடி. 1971-இல் உலக வாகையர் ஆன சுவீடன் வீரர் ஸ்டெல்லன் பெங்ட்சனின் சங்கம் இருந்த ஊரின் பெயரே இதற்கு அமைந்தது. தூசி படிந்த சிமெண்டுத் தரையில் ஆடுவோர் காலணியின் அடியை ஈரத்துணியில் துடைத்துக் கொள்வது நலம்.

நம் முன்னோடிகள்

சென்னையின் வி. சந்திரசேகர் மும்முறை தேசிய வாகை சூடியவர். அர்ஜுனா விருது பெற்றவர். 1984-இல் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவரது ஆட்ட வாழ்வு முடிந்தது. கால் போனால் ஆட்டம் போயிற்று என்பதற்கு இதைவிட வேதனையான சான்று இல்லை. எனினும் அவர் பயிற்சியாளராக எழுந்தார், 2021-இல் மறைந்தார். சத்தியன் அவரிடம் பயின்றவர். சரத் கமலோ 2006-இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்று, பதினாறு ஆண்டுகளுக்குப் பின், தம் நாற்பதாம் வயதில், பர்மிங்காமில் அதையே மீண்டும் வென்றார். கால்களைக் காத்தவருக்குக் கிட்டிய பரிசு அது.

முடிவுரை

இவ்வாண்டுப் போட்டியில் நான் கோப்பை வெல்லவில்லை, காலிறுதியில் தோற்றேன். ஆயினும், நின்ற இடத்தில் நின்று பந்தை வேடிக்கை பார்த்துத் தோற்ற புள்ளிகள் மிகச் சிலவே. அரங்கில் அதே முதியவர் இருந்தார். “இன்னைக்குக் காலும் கூட வந்திருக்குதாட்ட இருக்குது” என்றார். கோப்பையை விட அச்சொல் எனக்குப் பெரிது.

நண்பர்களே, நாளை மாலை மட்டையை எடுக்குமுன் முழங்காலைச் சற்று மடித்துப் பாருங்கள். பந்து நம்மிடம் வரும் என்று காத்திராமல், நாம் பந்திடம் செல்வோம். சென்றபின் திரும்பியும் வருவோம்.