கரிசல் வெயிலுக்கு எந்தப் பழைய லென்ஸ்?

பழைய மேனுவல் ஃபோகஸ் லென்ஸ்களுக்குக் கிடைக்கும் பாராட்டில் பெரும்பகுதி மேகம் மூடிய நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே சாம்பல் வானத்தின் கீழ் 'மென்மை' என்று கொண்டாடப்படும் ஒரு லென்ஸை வரவழைத்து, பங்குனி மாதம் காலை பதினோரு மணிக்குப் பந்தல்குடி சாலையில் நின்று எடுத்துப் பாருங்கள். கரிசல் மண் சாம்பல் நிறமாகிவிடும். வானம் வெள்ளைத்தாள். ஆள் முகத்தில் பால் ஊற்றியதுபோல் ஒரு படலம். அந்த லென்ஸின் மேல் பெரிய குற்றம் சொல்ல முடியாது; இந்த வெளிச்சத்தை அது பார்த்ததில்லை. அதனால் இங்கே நான் தரும் மதிப்பீடுகள் எல்லாம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வெயிலுக்கானவை. ஊட்டியில் இருப்பவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம்.

லென்ஸ் எங்கே கிடைக்கும் என்பது பெரிய சிக்கல் இல்லை. ஃபிலிம் காலத்தில் நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் புழங்கிய பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்.எக்ஸ்.3, நிக்கான் எஃப்.எம்.2, ஜெனிட் எல்லாம் பாடியாகச் செத்தாலும் லென்ஸாக உயிரோடு இருக்கின்றன. பீரோவுக்குள் துணியில் சுற்றிக் கிடக்கும். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்ததும் இருக்கும். இவை தவிர டெல்லி சாந்தினி சௌக் கேமரா கடைகளும் இணைய விற்பனையும் இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு கணக்கு. ஃபிலிம் காலத்தில் மீட்டர் இல்லாமலே படம் எடுத்தவர்களுக்கு இது மனப்பாடம்: நல்ல வெயிலில் அபர்ச்சர் 16, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் வேகம் நொடியில் நூறில் ஒரு பங்கு. அபர்ச்சரை 2 வரை திறந்தால் ஆறு ஸ்டாப் ஏறும். ஷட்டர் 6,400இல் ஒரு பங்காக வேண்டும். 1.4 வரை போனால் 12,800இல் ஒரு பங்கு. சாதாரண டி.எஸ்.எல்.ஆர். பாடிகளின் ஷட்டர் 4,000த்தோடு நின்றுவிடும். அதாவது 1.8 லென்ஸைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய 1.4 லென்ஸை, கறுப்பு ஃபில்டர் போடாமல் நம் ஊர்ப் பகலில் முழுதாகத் திறக்கவே முடியாது. முத்துமாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலின் ராத்திரிக் காட்சிகளுக்கும் தறிக்கூடத்துக்குள்ளும் 1.4 உதவும், மறுக்கவில்லை. வருஷத்தில் மிச்ச நாட்களுக்கு அது பெருமைதான். அந்தக் காசைக் கோட்டிங் நன்றாக இருக்கும் லென்ஸில் போடுங்கள்.

அடுத்தது பாடி. லென்ஸின் மவுண்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. நிக்கானுக்கு 46.5 மி.மீ., ஒலிம்பஸ் ஓ.எம். 46, பென்டாக்ஸ் கே மவுண்டும் பழைய மரை மவுண்டான எம்42வும் 45.46, கேனன் இ.ஓ.எஸ். 44, பழைய மினோல்டா 43.5, பழைய கேனன் எஃப்.டி. 42. லென்ஸின் எண் பாடியின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் நடுவில் அடாப்டர் போட இடம் இருக்கும். சிறிதாக இருந்தால் தூரத்தில் உள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது. இதன்படி கேனன் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர், நிக்கான், ஒலிம்பஸ், எம்42 மூன்றும் அதில் ஏறும். நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவருக்கு நிக்கானின் நிக்கார் லென்ஸ்களே கதி. மற்றவற்றை ஏற்றக் கண்ணாடி வைத்த அடாப்டர் ஒன்று விற்கிறார்கள்; அந்த மலிவுக் கண்ணாடி நல்ல லென்ஸையும் மட்டமாக்கிவிடும், வேண்டாம்.

பரிதாபம் கேனன் எஃப்.டி. லென்ஸ்கள்தான். 1987இல் கேனன் மவுண்டையே மாற்றியபோது அவை சொந்தக் கம்பெனி பாடியிலேயே ஏறாதவை ஆயின. பல நல்ல லென்ஸ்கள் அதில் உண்டு, ஆனால் மிரர்லெஸ் கேமரா இருந்தால் மட்டுமே தொடுங்கள். சோனியின் தூரம் 18 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ. என்பதால் அவற்றில் எல்லாப் பழைய லென்ஸும் ஏறும். மிரர்லெஸ் வைத்திருப்பவர் இந்தத் தூரக் கணக்கை மறந்துவிடலாம்.

நிக்கான்காரர்களுக்கு இன்னொரு வலை இருக்கிறது. டி3000, டி5000 வரிசை பாடிகளில் பழைய நிக்கார் ஏறும், மீட்டர் வேலை செய்யாது. மேனுவல் மோடில் ஒரு படம் எடுத்து, திரையில் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். வெயில் மாறாத ஊரில் அது தொல்லையே இல்லை. காலையில் ஒருமுறை வைத்தால் வெகுநேரம் ஓடும். டி7000, டி7100, டி7200 பாடிகளில் மீட்டரும் வேலை செய்யும், ஆனால் லென்ஸ் 1977க்குப் பிறகு வந்த 'ஏ-ஐ' வளையம் உள்ளதாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய லென்ஸை அப்படியே மாட்டித் திருகினால் பாடியின் ஓரத்தில் இருக்கும் சிறிய கொக்கி உடையும். வளையத்தை அராவித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அராவிய பிறகு மாட்டுங்கள்.

இனி என் தேர்வுகள். இந்த ஊருக்கென்று ஒரே ஒரு பழைய லென்ஸ் என்றால், பலரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்வேன்: மைக்ரோ நிக்கார் 55 மி.மீ. 3.5. அபர்ச்சர் 3.5 என்றதும் முகம் சுளிப்பார்கள். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். நமக்கு வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. இதன் முன்கண்ணாடி குழலின் அடியில் ஆழமாகப் பதிந்திருக்கிறது, அதனால் ஹூட் இல்லாமலே பக்கவாட்டு வெயில் உள்ளே வராது. பொருளின் அளவில் பாதியாகச் சென்சாரில் விழும் வரை நெருங்கலாம். அருப்புக்கோட்டைக் கைத்தறிச் சேலையின் கரையில் பாவும் ஊடையும் கூடுமிடத்தை இழை இழையாக எடுக்க, நெசவுக்காரர் விரலை எடுக்க, கரிசலில் பூத்த மல்லிச் செடியை எடுக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. சேலை வியாபாரத்தை இணையத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் புது லென்ஸ் வாங்குமுன் இதைத் தேடுங்கள்.

இதன் தம்பியான 55 மி.மீ. 2.8, 1979இல் வந்தது. காகிதத்தில் அண்ணனைவிடச் சிறந்தது. ஆனால் ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் இளகி அபர்ச்சர் இதழ்களில் ஏறிக்கொள்ளும் என்று உலகம் முழுக்கப் பெயர் எடுத்தது. மிதமான குளிர் நாடுகளிலேயே அந்தக் கதி என்றால் சித்திரை வெக்கையில் சொல்ல வேண்டியதில்லை. இதழ் ஒட்டிக்கொண்டால் 8இல் எடுத்ததாக நினைக்கும் படம் 2.8இல் விழுந்து வெளுத்துப்போகும். நான் அண்ணன் பக்கம்.

ஆள் படத்துக்கு நிக்கார் 105 மி.மீ. 2.5. ஸ்டீவ் மெக்கரி 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் புகழ்பெற்ற 'ஆப்கன் சிறுமி' படத்தை எடுத்தது இந்த லென்ஸில்தான். அதனால் விலை இறங்குவதே இல்லை. புகழை விட்டுவிட்டுப் பார்த்தாலும் தேறும். 1971இல் கண்ணாடி அமைப்பை மாற்றிய பிறகு வந்தவை, முழுதாகத் திறந்தாலும் கறுப்பைக் கறுப்பாகவே காட்டும். பிந்தைய ஏ-ஐ-எஸ் மாடலில் ஹூட்டும் உள்ளேயே இருக்கிறது, இழுத்துவிட்டால் போதும். சிறிய சென்சார் பாடியில் 157 மி.மீ. பார்வை வரும். ஆட்டுக் கிடைக்காரரையோ, காலையில் தெருவில் பாவு நீட்டுபவர்களையோ இடைஞ்சல் செய்யாமல் தள்ளி நின்று எடுக்க அது சரியான தூரம். குறை என்றால் வெள்ளை வேட்டியின் ஓரத்தில் 2.5இல் ஊதாக்கோடு தெரியும்; 4க்கு மூடினால் போய்விடும். வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள், சுவரில் முதுகு இடிக்கும்.

கேனன்காரர்கள் பென்டாக்ஸின் எம்42 லென்ஸான டாக்குமார் 55 மி.மீ. 1.8 தேடலாம். 1971 முதல் வந்தவற்றில் 'சூப்பர் மல்டி கோட்டட்' என்று முகப்பிலேயே எழுதியிருக்கும். அந்த எழுத்துக்காகக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம், எதிர்வெயிலில் வித்தியாசம் தெரியும். கே1000ஓடு வீட்டில் கிடக்கும் பென்டாக்ஸ் 50 மி.மீ. 2 அவ்வளவு மோசமில்லை. திறந்த நிலையில் அதே கம்பெனியின் 1.7 லென்ஸுக்குத் தோற்கும், 5.6இல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கே மவுண்டின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு சில கேனன் பாடிகளில் இடிக்கும் என்பதால் பார்த்து மாட்ட வேண்டும்.

டாக்குமார் 50 மி.மீ. 1.4 பார்க்க நேர்ந்தால் கண்ணாடி தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வயதாக ஆக மஞ்சளாகும். கழுத்தில் மாட்டிப் படமெடுக்கும் அளவுக்கு அதன் கதிர்வீச்சு ஒரு பொருட்டில்லை. மஞ்சளுக்கு மருந்து புறஊதாக் கதிர், அதாவது வெயில். மேல்நாட்டார் இதற்காக விளக்கு வாங்குகிறார்கள். நமக்கு மொட்டைமாடி போதும். அலுமினியத் தாளைச் சுற்றி, கண்ணாடி மட்டும் தெரிய, காலை இளவெயிலில் பல நாள் வையுங்கள். பின்பக்கமும் தாளால் மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் லென்ஸ் தன் வேலையைச் செய்து, பின்னால் கிடக்கும் ஓலையையோ துணியையோ பற்றவைத்துவிடும்.

இப்போது ஏமாற்றங்கள். ஹீலியோஸ் 44-2 தான் முதலில். ஜெனிட் கேமராவோடு வந்த 58 மி.மீ. 2, ஜெர்மனியின் பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் சோவியத் நாட்டில் செய்தது. பின்னணி இலைகள் சுழன்று தெரியும் என்பதே அதன் சொத்து. அந்தச் சுழல் வர லென்ஸ் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், பின்னணியில் இலைக்கூட்டமும் அதன் ஊடே புள்ளி புள்ளியாக வெளிச்சமும் வேண்டும், ஆள் சரியான தூரத்தில் நிற்கவேண்டும். பகலில் திறக்க முடியாது என்று பார்த்தோம். பின்னணி கிடைக்கிறதா என்றால், தரிசும் பனையும் தொடுவானமும் இருக்கும் இடத்தில் சுழல எதுவும் இல்லை. வேலிக்கருவைக் காடு மட்டும் உதவும்: சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், சூரியன் கருவைக்குப் பின்னால் இறங்கும்போது அந்தச் சின்ன இலைகள் நன்றாகவே சுழல்கின்றன. அந்த அரைமணி நேரத்துக்காக மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். சிறிய சென்சாரில் சுழலின் ஓரம் வெட்டுப்பட்டுப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூப்பிட்டர்-9, அதாவது 85 மி.மீ. 2, பதினைந்து இதழ் அபர்ச்சருக்காகவே அழகு. வெயிலில் அதைவிட விரைவாக வெளுக்கும் லென்ஸைத் தேட வேண்டும்.

அகலக் கோணத்தில் பழைய லென்ஸ் பொதுவாகத் தோற்கும். கம்பெனி பெயர் தெரியாத எம்42 28 மி.மீ. லென்ஸ்கள் மூலைகளில் கலங்கி, விளக்கு தெரிந்தால் படமெங்கும் வட்டம் போடும். நிக்கார் 28 மி.மீ. 2.8 ஏ-ஐ-எஸ் மட்டும் விதிவிலக்கு, இருபது செ.மீ. வரை நெருங்கும். நெருங்கிய பொருளோடு பின்னால் உள்ள மண்டபத்தையும் சேர்த்துக் காட்ட அது பயன்படும். அதே அளவில் வந்த சீரீஸ் இ வேறு லென்ஸ், பெயர்க் குழப்பத்தில் ஏமாற வேண்டாம். அந்த ஏ-ஐ-எஸ் கிடைக்காவிட்டால் கேமராவோடு வந்த பிளாஸ்டிக் லென்ஸே மேல்.

ஜூம்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1963இல் வந்த நிக்கார் 43-86இன் முதல் வடிவம், நிக்கான் செய்ததிலேயே மட்டமானது என்று பெயர் வாங்கியது. நேர்கோட்டை வளைக்கும், எதிர்வெயிலைத் தாங்காது. இழுத்துத் தள்ளும் 70-210 ரகங்கள் ஆடிக்காற்றில் புழுதியை உறிஞ்சிக்கொள்ளும். ஏற்கெனவே குழல் தளர்ந்து, கீழே சாய்த்தால் தானே நீண்டுவிடும். விவிட்டார் சீரீஸ் 1 மட்டும் பார்க்கத் தகுந்தது: சீரியல் எண் 22இல் தொடங்கினால் கிரோன் செய்தது, 37 டோக்கினா, 28 கோமின்.

குண்டாற்றுப் பக்கமும் கண்மாய்களிலும் பறவை எடுக்க ஆசைப்படுபவர்கள் 500 மி.மீ. 8 மிரர் லென்ஸின் விலையைப் பார்த்து மயங்குவார்கள். பின்னணியில் வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் வடைபோல் ஓட்டையோடு வரும், படத்தில் அழுத்தம் இருக்காது. அதைவிடப் பெரிய எதிரி கானல். வெயில் ஏறிய பிறகு தரிசுக்கு மேலே காற்று நெளிய ஆரம்பித்தால் எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸும் கொக்கை நெளித்தே காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்த பிறகு, சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்தில் போனால் கொஞ்சம் தேறும். இரட்டிப்பாக்கும் டபுளரை இதோடு சேர்த்துப் போடுவது வீண்.

வாங்கும்போது செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து முன்னால் பாருங்கள். நூல்நூலாகத் தெரிந்தால் ஃபங்கஸ். நம் வறண்ட காற்றில் அது எளிதில் வளராது. சென்னை, தூத்துக்குடி, கேரளக் கரைகளிலிருந்து வருபவற்றில்தான் அதிகம். ஓரத்தில் வானவில் நிறத்தில் வட்டம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். உள்ளே நாலு தூசி கிடந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. அபர்ச்சர் நெம்பை விரலால் தள்ளிவிட்டால் இதழ்கள் சட்டென்று திரும்ப வேண்டும்; தயங்கினால் எண்ணெய். மத்தியானம் பைக் பெட்டியில் வைத்து எடுத்துப்போன லென்ஸில் இந்தச் சோதனையை இன்னொருமுறை செய்யுங்கள், காலையில் ஒழுங்காக இருந்தது சூட்டில் ஒட்டிக்கொள்வதுண்டு. கிரீஸ் மாற்றக் கொடுக்கிறீர்கள் என்றால் கெட்டியானதாகப் போடச் சொல்லுங்கள். மார்கழிக் காலையில் வளையம் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றும், அவ்வளவுதான்.