தன்னார்வ நிறுவனங்களும் தொழில்நுட்ப நல்கையும்: வாளையார் எல்லைப்பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஊரக மக்களிடம் புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டு சேர்ப்பதில் தன்னார்வ நிறுவனங்களுக்குள்ள பங்கினை ஏழாவது ஐந்தாண்டுத் திட்டம் (1985-90) சிறப்பாக வலியுறுத்தியது. அதனையொட்டி, 1986-ஆம் ஆண்டில் 'கபார்ட்' எனப்படும் மக்கள் செயல்பாடு மற்றும் ஊரகத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. 2020-இல் அது தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஒரே வாயிலில் விண்ணப்பித்த காலம் கடந்து, இன்று நிதி பல துறைகளில் பரவிக் கிடக்கிறது. எனவே, எந்த நல்கை எந்தப் பணிக்கு உரியது என்று பகுத்தறிவது இன்றியமையாததாகிறது.

மூன்று நிலைகள்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வாளையார் வனப்பகுதியை ஒட்டி வாழும் பழங்குடிப் பெண்கள், தாம் சேகரிக்கும் நெல்லிக்காயை உலர்த்தி விற்பதற்குச் சூரிய வெப்ப உலர்த்தி ஒன்றை நிறுவ விரும்புகின்றனர். அவர்களுக்குத் துணைநிற்கும் சிறிய சங்கம், 'உலர்த்தி வாங்க நிதி தேவை' என்று விண்ணப்பிக்கிறது. இக்கோரிக்கையில் மூன்று வேறுபட்ட தேவைகள் கலந்துள்ளன.

முதலாவது, கருவியின் வடிவமைப்பு அப்பகுதியின் ஈரப்பதத்திற்கும் விளைபொருளுக்கும் ஏற்றதா எனச் சோதித்தல். இத்தகைய ஆய்வுக்கும் களச் சோதனைக்கும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டங்களையும், மாநில அறிவியல் குழுவின் திட்டங்களையும் நாடலாம். இரண்டாவது, சோதித்துத் தேறிய கருவியைப் பல இடங்களில் நிறுவுதல். இதற்கு நபார்டு வங்கி, பழங்குடியினர் நலத்துறை, நிறுமங்களின் சமூகப் பொறுப்பு நிதி ஆகியவற்றை அணுகலாம். மூன்றாவது, பழுதுபார்ப்பும் அன்றாடச் செலவும். நல்கைகள் குறிப்பிட்ட காலத்தோடு முடிவுறுவதால், இச்செலவை இறுதியில் விற்பனை வருவாயே தாங்கவேண்டும்.

2013-ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, வரம்பிற்குட்பட்ட நிறுமங்கள் தமது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை அளிக்குமாறும் அப்பிரிவு கூறுகிறது. ஆதலின், வாளையாரை அடுத்த கஞ்சிக்கோடு தொழிற்பகுதியில் இயங்கும் நிறுமங்களை முதலில் அணுகுவது பொருத்தமாகும்.

எல்லையும் பதிவும்

எல்லைப்பகுதிச் சங்கங்களுக்குத் தனிச்சிக்கல் ஒன்றுண்டு. முன்னாள் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்காட்டுப் பகுதியில் 1860-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டமும், முன்னாள் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த சித்தூரில் திருவிதாங்கூர்-கொச்சி 1955-ஆம் ஆண்டுச் சட்டமும், எல்லைக்கு அப்பால் கோயம்புத்தூரில் தமிழ்நாடு 1975-ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையிலுள்ளன. மாநிலத் திட்டங்கள் பெரும்பாலும் தத்தம் எல்லைக்குள்ளேயே நிதி வழங்குவதால், சங்க விதிகளில் செயற்பரப்பு தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும். மத்திய அரசின் நல்கையை நாடுவோர், நிதி ஆயோக்கின் 'தர்ப்பண்' தளத்தில் பதிவு பெற்றிருத்தலும் வேண்டும்.

முண்டூர் காட்டும் வழி

இதே பாலக்காடு மாவட்டத்தின் முண்டூரில், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1987-இல் ஒருங்கிணைந்த ஊரகத் தொழில்நுட்ப மையத்தை நிறுவியது. 1962-இல் தோன்றிய பரிஷத், வெளிநாட்டு நிதியைத் தவிர்த்து, புத்தக விற்பனையைத் தன் வருவாயின் முக்கிய ஊற்றாகக் கொண்ட அமைப்பாகும். விறகைச் சிக்கனப்படுத்தும் திருந்திய அடுப்பை அது மக்களிடையே பரப்பியது. அடுப்பு முறையாக அமைக்கப்படாவிடின் புகையும் குறையாது, விறகும் மிஞ்சாது. எனவே கருவியோடு, அதனை அமைக்கவும் பேணவும் அறிந்த உள்ளூர் ஆட்களும் தேவைப்பட்டனர். கருவிக்கு மட்டுமே நிதி கோரும் சங்கங்கள் பெரும்பாலும் மறப்பது இதனையே.

கணக்கும் பொறுப்பும்

மத்திய அரசின் நல்கை பெற்றபின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் பொருந்தும். நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளித்தல் வேண்டும். நல்கைத் தொகைக்குக் கிடைக்கும் வட்டி அரசுக்கே உரியது. அந்நிதியில் வாங்கிய சொத்துக்களைப் பதிவேட்டில் குறித்து வைப்பதோடு, முன் அனுமதியின்றி விற்கவும் இயலாது. இவ்விதிகளை அறியாத சிறு சங்கங்கள் அடுத்த தவணையை இழக்க நேரிடும். உலர்த்தியின் விசிறி பழுதுற்று, தவணையும் தடைப்பட்டால், நெல்லிக்காயைப் பச்சையாகவே கிடைத்த விலைக்கு விற்கும் நிலைக்கு அப்பெண்கள் மீண்டும் தள்ளப்படுவர்.

ஆகவே விண்ணப்பிப்போர் மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை காணவேண்டும்: கருவி சோதித்துத் தேறியதா? நல்கை முடிந்தபின் பழுதுபார்ப்பவர் யார்? அதற்கான பணம் எங்கிருந்து வரும்? இதே வினாக்களை எழுப்பி, விடை குறைவுபட்ட இடத்தில் விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பாமல் திருத்தி வாங்குவது அலுவலர்களின் கடமையாகும். கணக்கு எழுதும் பயிற்சிக்கெனத் திட்ட மதிப்பீட்டில் ஒரு சிறு தொகையை அனுமதிப்பதும் விரும்பத்தக்கது. அரசுக்கு அது பெருஞ்செலவன்று. சங்கத்திற்கோ, அடுத்த தவணை உரிய காலத்தில் கிட்டுவதற்கு அதுவே துணைபுரியும்.