நான் விரும்பும் திரைப்படம்

"நீவிர் மிக விரும்பிய திரைப்படம் யாது?" என்று மாணவரை வினவினால் விடை உடனே வரும். "ஏன்?" என்று கேட்டால், நடிப்பு நன்று, கதை நன்று என்னும் அளவில் நின்றுவிடுவர். அவை எப்படத்துக்கும் பொருந்தும் சொற்கள். காரணம் காட்டப் புகுவோர் படத்திலுள்ள ஓரிடத்தையேனும் தொட்டுக் காட்டுதல் வேண்டும்.

என் விருப்பம் 1955ஆம் ஆண்டில் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' என்னும் வங்காளப் படம். விபூதிபூஷணரின் நாவலைத் தழுவிச் சத்யஜித் ராய் இயக்கிய முதற் படம் இது. பொருள் முட்டுப்பாட்டால் இடையிடையே நின்று, மேற்கு வங்க அரசின் உதவியால் நிறைவெய்தியது. அப்புவும் தமக்கை துர்க்காவும் நாணற் பூக்களிடையே ஓடிப் புகைவண்டியைக் காணும் காட்சியைப் பலரும் புகழ்வர். அழகிய காட்சியே, எனினும் நான் சுட்டுவது அதனையன்று.

அயல்வீட்டு மணிமாலையைத் துர்க்கா திருடினாள் என்று பழி எழுகின்றது. அவள் மறுக்கின்றாள். அயலாரின் ஏச்சைப் பொறாத தாய் சர்பஜயா, மகளைக் கூந்தலிற் பற்றி இழுத்து வெளியே தள்ளுகின்றாள். பின்னொருநாள் மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு, துர்க்கா இறக்கின்றாள். குடும்பம் காசிக்குப் புறப்படும் வேளையில் அப்பு ஒரு கலத்தை எடுக்கின்றான். அதனுள் அந்த மாலை! அவன் எவரையும் அழைக்கவில்லை. ஓடிச்சென்று பாசி படர்ந்த குளத்தில் எறிகின்றான். விலகிய பாசி மெல்ல மெல்லக் கூடுகின்றது. வசனம் ஒன்றுமில்லை. நம்மவர் படமாயின் தம்பி ஒரு பக்கம் பேசியிருப்பான். ஒரு சோகப் பாட்டும் வந்திருக்கும்.

மகள் இறந்ததறியாத தந்தை அவளுக்கென வாங்கிவந்த சேலையை நீட்டும் இடத்திலும் இம்முறையே கையாளப்பட்டுள்ளது. தாயின் கதறல் நம் செவிக்கு எட்டுவதில்லை. அதற்கு ஈடாகத் தார் ஷெனாய் என்னும் தந்திக் கருவி ஓலமிடுகின்றது.

இப்படத்தை மாணவர்க்குக் காட்டியபின் ஒருவன் எழுந்து, "களவை மறைத்தது பிழையன்றோ, ஐயா? தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டாமோ?" என்றான். நல்ல வினா. சொல்லியிருந்தால் தாய் அன்று தண்டித்தது முறையாகிவிடும். அவளுக்கு அது ஆறுதலாயிருக்குமோ, தாங்கொணாத் துயராயிருக்குமோ? நான் விடை தேடி நிற்கையில், பின்வரிசையிலிருந்த வேறொருவன், "அக்கா இல்லையே, ஐயா, அவளுக்காக மறுத்துப்பேச இனி யார் இருக்கிறார்?" என்றான்.