ஆற்றை நம்பி வாழும் நீல வாத்து



வாத்து என்றதும் குட்டையும் சேறுமே நம் நினைவிற்கு வரும். ஆனால், பாறைகளில் மோதிப் பாயும் மலையாற்றிலே பிறந்து, ஆண்டு முழுவதும் அவ்வாற்றை விட்டு அகலாது வாழும் வாத்து ஒன்று நியூசிலாந்துத் தீவுகளில் உண்டு. அதற்கு நீல வாத்து என்று பெயர். அந்நாட்டுப் பழங்குடியினரான மாவோரி மக்கள் அதனை ‘ஃபீயோ’ என்பர். ஆண் பறவையின் சீழ்க்கை ஒலியே அதற்குப் பெயராயிற்று. நியூசிலாந்தின் 10 வெள்ளி நோட்டிலும் இப்பறவையின் படத்தைக் காணலாம்.

இதன் உடல் நீலங்கலந்த சாம்பல் நிறம். மார்பில் செம்பழுப்புப் புள்ளிகள். அலகின் நுனியில் மெல்லிய தோல் மடிப்பு உண்டு. அதன் துணையால், அலகு தேயாமல் பாறைகளில் ஒட்டியுள்ள பூச்சிப் புழுக்களைச் சுரண்டித் தின்னும். அப்புழுக்கள் தூய நீரிலேயே செழிக்கும். ஆகவே, நீல வாத்து வாழும் ஆறு நல்ல ஆறு என்று அறியலாம்.

பெண் வாத்து ஆற்றங்கரைத் தரையிலே கூடு கட்டி, ஏறத்தாழ 35 நாள் அடைகாக்கும். ஆண் வாத்து அருகிருந்து காவல் புரியும். வெள்ளம் வந்தால் கூடு அடித்துச் செல்லப்படும். ஆயினும், அதனினும் கொடிய பகை மனிதரால் வந்தது.

அந்நாட்டில் வௌவாலைத் தவிர, தரைவாழ் பாலூட்டி விலங்கு எதுவும் இயற்கையில் இருந்ததில்லை. குடியேறியவர்கள் முயல்களைக் கொண்டுவந்தனர். அவை பெருகி மேய்ச்சல் நிலங்களை அழித்தன. முயல்களை ஒழிக்க, 1880-களில் கீரி போன்ற ஸ்டோட் என்னும் விலங்கை இறக்குமதி செய்தனர். பறவைகளுக்குக் கேடு விளையும் என்று அறிஞர் சிலர் எச்சரித்தும் பயனில்லை. ஸ்டோட் முயலோடு நில்லாமல், முட்டைகளையும் குஞ்சுகளையும் அடைகாக்கும் தாயையும் கொன்று தின்றது. காடழிப்பும் அணைக்கட்டுகளும் துன்பத்தைப் பெருக்கின. சமவெளி ஆறுகளிலும் வாழ்ந்த நீல வாத்து, இன்று பெரும்பாலும் மலையாறுகளில் ஒதுங்கியுள்ளது. எஞ்சியவை 3,000-க்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் இடரிலுள்ள இனமாக வகுத்துள்ளது.

எனினும், நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆற்றங்கரை நெடுகிலும் மரப்பெட்டிப் பொறிகள் வைத்து, கோழிமுட்டையை இரையாக்கி, ஸ்டோட்டுகளைப் பிடிக்கின்றனர். சில கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுகின்றனர். பொறிகள் உள்ள இடங்களில் வாத்துகள் பெருகுகின்றன. அவ்வேலை நின்றால் பகை மீண்டும் வந்துவிடும். அயரா உழைப்பே அதனைக் காக்கிறது.

மாணவர்களே, ஒரு தவற்றை மறைக்க மற்றொரு தவற்றை அவசரமாய்ச் செய்தால், நூறாண்டு கடந்தும் பிறர் அதற்கு விலை கொடுக்க நேரும் என்பதை உணருங்கள். பெற்றோர்களே, களைக்கொல்லி கலந்த வாளிகளை ஆற்றில் கழுவாதீர்கள். நம் பிள்ளைகள் குளிக்கும் நீரிலும் சிற்றுயிர்கள் வாழ்கின்றன. அவை வாழ்ந்தால்தான் மீனும் பறவையும் வாழும்; ஆறும் ஆறாக இருக்கும்.