இரண்டு சுரங்களில் தொடங்கும் இசைப்பாடம்

நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, பள்ளி ஆண்டு விழாவுக்காக எங்களுக்கு ஒரு கூட்டுப்பாடல் கற்பித்தார்கள். இரண்டாம் நாள் ஆசிரியை என் அருகே குனிந்து கேட்டுவிட்டு, “நீ பாட வேண்டாம், வாயை மட்டும் அசைத்தால் போதும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பரிவோடுதான் சொன்னார். ஆயினும், ‘எனக்குப் பாட்டு வராது’ என்னும் எண்ணம் அன்றே என்னுள் வேரூன்றிவிட்டது. உண்மையில் எனக்கு வராதது பாட்டா? அல்லது பாட்டைக் கற்பிக்கும் முறை என்னிடம் வந்து சேரவில்லையா? இவ்வினாவுக்கு விடை தேடும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

இதே வினாவை ஒரு நாட்டளவில் எழுப்பியவர் ஹங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்தான் கோடாய் (1882–1967). 1905 முதல் அவர் ஊர் ஊராகச் சென்று உழவர் பாடல்களைத் திரட்டினார். 1906-இல் தம் நண்பர் பேலா பார்டோக்குடன் சேர்ந்து நாட்டுப்பாடல் தொகுப்பொன்றை வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகள் பாடிய பாடல்களின் தரத்தைக் கண்டு வருந்திய அவர், 1929-இல் சிறுவர் குழுப்பாடல் குறித்து எழுதினார். இசை ஒரு சிலரின் சொத்தன்று. எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது. விலை கொடுத்து வாங்க வேண்டாத இசைக்கருவி ஒவ்வொருவரிடமும் உண்டு, அதுவே குரல். இவையே அவர் கொள்கையின் சாரம்.

1950-இல் அவர் பிறந்த கெச்கெமேத் நகரில், நாள்தோறும் இசைப்பாடம் நடக்கும் தொடக்கப்பள்ளி ஒன்று உருவாயிற்று. பின்னர் இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. நாட்டுப்பாடல் மரபைக் காக்கும் நல்ல நடைமுறை என்று 2016-இல் யுனெஸ்கோ இதனை ஏற்றுப் பதிவு செய்தது.

செவி முன், எழுத்துப் பின்

குழந்தை முதலில் பேசுகிறது. பிறகுதான் எழுதக் கற்கிறது. இசையிலும் இவ்வொழுங்கே வேண்டும் என்பது கோடாய் முறையின் அடிப்படை. கேட்டல், பாடுதல், ஆடுதல் முதலில், சுரத்தின் பெயர் அடுத்து, எழுத்துக்குறி இறுதியில்.

தொடக்கப் பாடல்களுக்கு இரண்டே சுரங்கள் போதும். மேலைநாட்டார் ‘சோ, மி’ என்பர். நம் வழக்கில் அவை ‘ப, க’ ஆகும் (இங்கே க என்பது அந்தர காந்தாரம்). குழந்தைகள் விளையாட்டில் ஒருவரையொருவர் கூவி அழைக்கும்போது இவ்விறக்கம் இயல்பாகவே வருகிறது என்பர் இம்முறையினர். இவ்விரண்டும் பழகியபின் ‘த’ சேரும். பிறகு ‘ச’வும் ‘ரி’யும் சேரும். ச, ரி, க, ப, த என்று ஐந்தும் கூடினால், அது நமக்கு நன்கு பழகிய மோகன ராகத்தின் சுர வரிசையே! இவ்வைந்தினுள் அரைச்சுர இடைவெளி இல்லை. எனவே இளங்குரல் தடுமாறாமல் பாட முடிகிறது.

காலும் கையும்

தாளத்தைக் குழந்தை காலால் கற்கிறது. ஓர் அடிக்கு ஒரு நடை என்றால் ‘தா’. அதே நேரத்தில் இரண்டு விரைநடை என்றால் ‘தி-தி’. வட்டமாக நடந்தபடியே பாடும்போது, பாடம் என்ற நினைவின்றியே காலஅளவு உடலில் படிகிறது.

சுரத்தைக் கை காட்டுகிறது. ‘ச’வுக்கு இடுப்பளவில் மூடிய கை, ‘க’வுக்கு அதற்கு மேலே தரையைப் பார்த்துக் கிடையாக நீட்டிய உள்ளங்கை, ‘ப’வுக்கு இன்னும் மேலே மார்பை நோக்கிய உள்ளங்கை. சுரம் ஏறினால் கையும் ஏறும். காதால் கேட்பதைக் குழந்தை கண்ணாலும் காண்கிறது. இக்கைக்குறிகளைப் பரப்பியவர் 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் ஜான் கர்வென். நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொண்டதே ஹங்கேரியரின் சிறப்பு.

ஒளியும் பாட்டு

இம்முறையில் நான் மிகவும் வியந்த விளையாட்டு ஒன்று உண்டு. பிள்ளைகள் பாடிக்கொண்டே நடக்கிறார்கள். ஆசிரியர் சைகை காட்டியதும் குரல் நிற்கிறது, நடை நிற்பதில்லை. பாட்டு மனத்துக்குள் ஓடுகிறது. மீண்டும் சைகை காட்டியதும் எல்லாரும் வாய்விட்டுப் பாட வேண்டும். அனைவரும் ஒரே சொல்லில், ஒரே சுருதியில் வந்து சேர்ந்தால் பாட்டு உள்ளே குடியேறிவிட்டது என்று பொருள். தேர்வுத்தாள் இல்லாத தேர்வு இது!

நம் மரபில் ஒரு காட்சி

இசையை உடலசைவோடு இணைப்பது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி, ஏழு மகளிரை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு சுரத்தின் பெயரை இடுகிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு பெண்களே ஏழு சுரங்களாகிக் கைகோத்து ஆடுகின்றனர். தீய நிமித்தங்களைக் கண்டு அஞ்சிய ஆயர் நிகழ்த்திய வழிபாட்டுக் கூத்து அது, சிறுவர் பாடமன்று. எனினும் சுரங்களின் வரிசையை நினைவில் நிறுத்த இதனினும் எளிய வழி வேறென்ன? ஏழு பிள்ளைகளும் ஒரு மரநிழலும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் இதனைச் செய்து பார்க்கலாம்.

முடிவாக ஒன்று. சுருதி சேராத பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குக் குறை காதில் இல்லை, பழக்கத்தில்தான் உள்ளது. பெரியவரின் தாழ்ந்த குரலைப் பின்பற்ற முயன்று குழறுவோரும் உண்டு. குழந்தையின் சுருதிக்கு ஆசிரியர் ஏறி வர வேண்டும். இரண்டு சுரங்களோடு பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். வரிசையின் ஓரத்தில் ஒரு பிள்ளை சுருதி விலகிப் பாடினால், வாயை மட்டும் அசைக்கச் சொல்லாதீர்கள். வட்டத்துக்குள் அழைத்து, கையைப் பிடித்து, இரண்டு சுரங்களைப் பாடிக் காட்டுங்கள்.