'நம்புகிறேன்' என்று எழுதும் முன்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. ஒரே பக்கத்தில் மூன்று முறை 'நம்புகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். முருகனை நம்புகிறாய். நீ கேட்ட கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று நம்புகிறாய். முன்பணம் கட்டினால் இடம் வாங்கித் தருகிறேன் என்ற தரகரையும் நம்புகிறாய்.

முருகன் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். மற்ற இரண்டைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்ற சொல்லுக்குத் தரும் பொருள் என்ன தெரியுமா? நசை. அதாவது, விருப்பம். அந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. "இந்த வாரம் மழை வரும்னு நம்புறேன்" என்று நம் ஊர்க்காரர் சொன்னால், மேகத்தைக் கணித்துச் சொல்கிறார் என்றா அர்த்தம்? பயிர் வாடுகிறது, மழைக்கு ஏங்குகிறார். கல்லூரி இடத்தைப் பற்றி நீ எழுதியதும் அப்படித்தான். அதில் தவறே இல்லை.

ஆளை நம்புவது வேறு. அதற்கு வள்ளுவர் எடுத்த சொற்கள் தேறுதல், தெளிதல். திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குப் பெயரே 'தெரிந்து தெளிதல்'. ஆராயாமல் ஒருவரை நம்புவதை மட்டும் அவர் கண்டிக்கவில்லை. ஆராய்ந்து நம்பியவரைப் பிறகு சந்தேகிப்பதையும் சேர்த்தே கண்டிக்கிறார். பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவது பாதிதான் பெரிதாகப் படுகிறது.

ஆற்றில் புதுத் தண்ணீர் கலங்கலாக வரும்போது, உன் பாட்டி பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார். கலங்கல் அடியில் படியும் வரை யாரும் மொள்ளக் கூடாது. அந்தக் காத்திருப்புக்குப் பெயர்தான் தெளிதல். பரீட்சையில் 'தேறினாள்' என்கிறோமே, அதுவும் அந்தத் தேறுதல்தான்.

உன் வயதில் நான் காத்திருக்கவில்லை. தெருவில் ஒருவர் ஏலச்சீட்டு நடத்தினார். பதிவு உண்டா, ரசீது தருவாரா என்று ஒரு வார்த்தை கேட்காமல் மாதாமாதம் பணம் கட்டினேன். ஒருநாள் வீடு பூட்டிக் கிடந்தது. "நம்பிக் கெட்டேன்" என்று ஊரெல்லாம் புலம்பினேன். பல வருடம் கழித்துத்தான் புரிந்தது: நான் அந்த மனிதரை நம்பவே இல்லை. சீட்டு எடுத்து வாங்க நினைத்த மோட்டார் சைக்கிளை நம்பியிருந்தேன்.

உன் தரகர் நல்லவராகவும் இருக்கலாம். கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போ. இவரை அவர்களுக்குத் தெரியுமா, அந்தப் பணத்துக்குக் கல்லூரியின் ரசீது உண்டா என்று கேள். அப்பாவையும் கூட்டிப் போ. பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. கேட்டுவிட்டு எனக்கு எழுது, அம்மா.

அன்புடன்,
மாமா